குறையே இல்லாத பதினொரு கார்கள்

வின்டர்டன் மோட்டார் கம்பெனியின் டெட்ராய்ட் தொழிற்சாலையில் எழுபத்தைந்து வருடத்தில் ஒரு ஆளுக்குக்கூட வேலை நேரத்தில் அடிபட்டது கிடையாது. இதை நிரூபிப்பது வெகு சுலபம். யாருக்காவது அடிபட்டால், கார்களை ஒவ்வொரு ஆளின் முன்னாலும் நகர்த்திக்கொண்டு போகும் லைனை உடனே நிறுத்த வேண்டும் என்பது கம்பெனியின் முதல் விதி. லைன் ஒருபோதும் நின்றதில்லை என்பது கம்பெனியின் வரலாறு. ஆகவே யாருக்கும் அடிபட்டதில்லை. இதில் ஓட்டை கண்டுபிடிக்க வந்த இரண்டு வக்கீல்கள் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார்கள்.

லைனை நிறுத்தாத பெருமை நிறுவனர் ஜோசையா வின்டர்டன் காலத்திலிருந்தே வருவது. 1931ல் அவர் செத்தபோது சவப்பெட்டியையே லைனில் ஏற்றிவிட்டார்கள். ஆளுக்கு ஐம்பது விநாடி துக்கம். பழக்கதோஷத்தில் ஒருவர் பெட்டியின் கைப்பிடிகளைத் திருகி இறுக்கினார். இன்னொருவர் மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, சாக்பீஸால் ‘சரி’ என்று எழுதினார். 1937ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நாற்பது நாள் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். கம்பெனியின் வரலாற்றுப் புத்தகம் அதை இப்படிச் சொல்கிறது: ‘தொழிற்சாலைமீது கொண்ட பற்றினால் அவர்கள் நாற்பது நாள் வீட்டுக்கே போகவில்லை.’

கார் எப்படி என்று கேட்டால், அதற்கு வரலாறு கொஞ்சம் அடங்கித்தான் பேசும். வின்டர்டன் மெரிடியன் காரில் மழை வந்தால் வெளியே நிற்பவனுக்கு முன்னால் உள்ளே இருப்பவன் நனைவான். துரு பிடிப்பதற்கு மிச்சிகன் குளிர்காலம்வரை அது காத்திருக்காது, காட்சிக் கூடத்திலேயே ஆரம்பித்துவிடும். ஆனாலும் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் ஓட்டினார்கள். அதைச் செய்து பிழைக்கிறவர்கள் வேறு காரில் வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் நாலு டயரும் கிழிந்து கிடக்கும்.

டெல்மர் கூம்ஸ் அங்கே மாற்றாளாக வேலை பார்த்தான். நிமிஷத்துக்கு ஒரு கார் நகரும் லைனில் நிற்பவன் நினைத்த நேரத்தில் ஒன்றுக்குப் போக முடியாது. மாற்றாள் வந்து அவன் இடத்தில் நின்றால்தான் போகலாம். கதவு, இருக்கை, கண்ணாடி, பெயின்ட் என்று எல்லா வேலையும் டெல்மருக்கு அத்துப்படி. யாருடைய வயிறு எத்தனை மணிக்கு என்ன சொல்லும் என்பது அதைவிட அத்துப்படி. கென்டக்கி மலையிலிருந்து வந்தவன். பத்தொன்பது வருடம் அடுத்தவன் இடத்தில் நின்றே காலம் போய்விட்டது. லைன் வரைபடத்தில் அவனுக்கென்று ஒரு புள்ளிகூட இல்லை.

1976 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூற்றுப் பதினான்காம் இடத்தில் கதவுக் கீல் பொருத்திக்கொண்டிருந்த ஸிகி வோய்டாவை மாற்றிவிட டெல்மர் பத்து மணிக்குப் போயிருக்க வேண்டும். வழியில் இருக்கைப் பிரிவில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தியதால் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். அதுவரை ஸிகி கால் மாற்றிக் கால் நின்று அடக்கிக்கொண்டிருந்தான். டெல்மர் ஓடி வருவதைப் பார்த்து, “வந்துட்டான்டா மலைக்காரன்!” என்று சிரித்தபடி திரும்பினான். இயந்திரம் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டது.

சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதன்மேல் கண்ணாடி மூடி, மூடியின்மேல் ஈய முத்திரை. டெல்மர் முழங்கையால் உடைத்து அமுக்கினான். பதினொரு நிமிஷம் லைன் நின்றது. அந்தப் பதினொரு நிமிஷமும் ஸிகியின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான் டெல்மர். ஸிகிக்கு இரண்டு விரல் போயிற்று. பத்து மணிக்கே வந்திருந்தால் அந்த இரண்டு விரலும் இன்றைக்கு இருந்திருக்கும் என்ற நினைப்பு டெல்மரை விட்டுப் போகவேயில்லை.

வேலையில் அடிபட்டவனுக்கு உள்ளேயே இலகுவான வேலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் லைன்தான் நிற்கவில்லையே. ஸிகி வீட்டில் முட்டைக்கோஸ் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டான் என்று கம்பெனி எழுதியது. ஏன் முட்டைக்கோஸ் என்றால், அவன் போலந்துக்காரன். வேறு எதை நறுக்கப் போகிறான் என்று அந்தக் குமாஸ்தாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஸிகி வேலையிழந்து வெளியே போனான். சங்கத்தில் கொடுத்த புகார் வரிசையில் நாலாயிரத்துச் சொச்சமாவதாகப் போய்ப் படுத்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு வழியாக விசாரணைத் தேதி வந்தது. அதோடு ஒரு தாளும் வந்தது. தாளில் கேள்வி ஒன்றே ஒன்று: ‘அன்று லைன் நின்றதா?’ பக்கத்தில் தொழிற்சாலை மேலாளரின் கையெழுத்துக்கு இடம். ‘ஆம்’ என்றால் ஸிகி மறுபடி உள்ளே வரலாம். ‘இல்லை’ என்றால் முட்டைக்கோஸ்தான் கடைசித் தீர்ப்பு. மேலாளர் லோவெல் சாண்டிஃபரின் அறைக்கு டெல்மர் அந்தத் தாளோடு ஏழு தடவை நடந்தான். ஏழு தடவையும் மேலாளர் கூட்டத்தில் இருந்தார்.

எட்டாவது தடவை போகும் முன் மாடியிலிருந்து அவனுக்கே அழைப்பு வந்தது. கூப்பிட்டது வரலாறு மற்றும் நற்பெயர்த் துறை.

துறைத் தலைவர் பிராட்வெல் எழுந்து நின்று வரவேற்றார். டெல்மர் கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தான்.

“சார், நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?”

“தப்பா? மிஸ்டர் கூம்ஸ், நீங்க ஒரு சரித்திரம்! உட்காருங்க. நம்ம எழுபத்தஞ்சாவது ஆண்டு விழாவுக்காக நம்ம கம்ப்யூட்டரை ரெண்டு வாரம் ஓட விட்டோம். நாம செஞ்ச மெரிடியன் கார்கள்ல ஒரு புகார்கூட வராத கார் எதுன்னு தேடச் சொன்னோம்.”

“இருந்துச்சா சார்?” டெல்மர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான்.

“பதினொண்ணு! ரிப்பேர் கிடையாது. துரு கிடையாது. கதவு கழண்டு விழல. இதுல பெரிய அதிசயம் என்னன்னா, பதினொண்ணும் ஒரே நாள்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வந்த கார். 1976 மார்ச், செவ்வாய்க்கிழமை, காலைல பத்து பன்னெண்டுல இருந்து பத்து இருபத்து மூணு வரைக்கும். அந்த நேரத்துல நூத்திப் பதினாலாம் இடத்துல நின்னது யாருன்னு பார்த்தா, மாற்றாள் டெல்மர் கூம்ஸ்!”

டெல்மருக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு நிமிஷத்துக்கு ஒன்று என்ற எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்பதற்காக, யாரோ ஒரு குமாஸ்தா பிறக்காத பதினொரு காருக்கும் வரிசை எண் போட்டு அனுப்பியிருக்கிறான். டொலீடோவிலும் கிளீவ்லாந்திலும் இருந்த வியாபாரிகள் லாரியில் வராத காரை வந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லி அடுத்த லோடைக் கெடுத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல்? பிறகு அவற்றை விற்றதாகவும் எழுதிவிட்டார்கள்.

“சார், அந்தக் காரெல்லாம் இல்லியே.”

“எப்படிப்பட்ட அடக்கம்!” என்று பிராட்வெல் மெய்சிலிர்த்தார்.

“இல்ல சார், நிஜமாவே இல்ல. ஓனருங்க யாருன்னு கேட்டுப் பாருங்க.”

“தேடினோம், ஒருத்தர்கூடக் கிடைக்கல. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு திருப்தி இருந்தா அப்படி! திருப்தியான வாடிக்கையாளர் நம்மகிட்ட எதுக்கு வரப் போறார்? ஓட்டை வண்டி வாங்கினவன்தான் வாரா வாரம் வந்து நிக்கிறான்.”

டெல்மர் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டான். “சார், அந்தப் பதினொரு நிமிஷமும் ஸிகியோட கை மெஷினுக்குள்ள இருந்துச்சு. நான்தான் பொத்தானை அமுக்கினேன். லைன் நின்னுச்சு சார்!”

பிராட்வெல் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தேன் மாதிரி ஆயிற்று.

“நீங்க அமுக்கினது உண்மைன்னா, அனுமதி இல்லாம முத்திரையை உடைச்சதுக்கு இன்னிக்கே உங்களுக்கு வேலை போகணும். ஆனா லைன் நிக்கல. அதனால நீங்க அமுக்கல. அதனால உங்க வேலை பத்திரமா இருக்கு. வரலாறு உங்களை எவ்வளவு அன்பா பாத்துக்குது பாருங்க! இந்த வாக்குமூலத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. ‘பத்து பன்னெண்டுல இருந்து பத்து இருபத்து மூணு வரைக்கும் நான் இடைவிடாமல் கார் செய்துகொண்டிருந்தேன்.’ வெள்ளிக்கிழமை விழாவுல கம்பெனித் தலைவர் கையால பதக்கம்.”

“படிச்சுட்டுப் போடறேன் சார்.”

“படிக்கவா?” பிராட்வெல் திகைத்தார். அந்தத் துறையில் இதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அன்று வேலை முடிந்ததும் டெல்மர் ஹாம்ட்ராமிக்கில் இருந்த பந்துருட்டி விளையாடும் கூடத்துக்குப் போனான். ஸிகி அங்கேதான் தரை துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பக் கட்டையைப் பிடிக்க மூன்று விரல் போதும் என்று அவனே சொல்லிக்கொள்வான். அவன் பெண்டாட்டி ஹாலினா கட்டிக் கொடுத்த கோஸ் உருண்டையை இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார்கள். ஸிகி வாக்குமூலத்தை மூன்று தடவை படித்தான்.

“அப்ப நான் மெஷின்ல மாட்டிட்டு அலறிட்டிருந்தப்ப நீ பதினொரு கார் செஞ்சு முடிச்சிருக்கே. பெரிய ஆளுதான்டா நீ!”

“சிரிக்காதேடா.”

“சிரிக்காம? அவனுங்க சொன்னதுலேயே முட்டைக்கோஸ்தான் உச்சம்னு நினைச்சிட்டிருந்தேன். நான் அடுப்படிப் பக்கம் போயி இருபது வருஷம் ஆச்சு. ஹாலினா அதைக் கேட்டு ஒரு நாள் பூரா சிரிச்சா. மறுநாள் பூரா அழுதா.” ஸிகி தாளை மடித்து நீட்டினான். “போட்டுடு மலைக்காரா. உனக்கு மூணு பிள்ளைங்க. என் விரல் திரும்பி முளைக்கவா போவுது?”

“விரல் முளைக்காது. அதுக்காக நீ கோஸ் நறுக்கினவன் ஆயிடுவியா?”

“அதுதான்டா எனக்கும் ஆத்திரம்,” என்றான் ஸிகி. முகத்திலிருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. “விரல் போனதுகூடப் பரவால்ல. நான் அங்க நின்னதையே இல்லேங்கறானே! பதினாலு வருஷம் நின்னேன்டா அந்த இடத்துல.”

டெல்மர் தாளை வாங்கிக்கொண்டான். வாக்குமூலத்தால் மேசையில் சிந்தின தக்காளிச் சாற்றைத் துடைத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டான். விசாரணைத் தாளைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விழா தொடங்கியது. விழாவுக்காகக்கூட லைனை நிறுத்தக் கூடாது என்பதால் மேடையையே லைனில் ஏற்றிவிட்டார்கள். முன்னால் பூமாலை போட்ட ஒரு மெரிடியன் போயிற்று. அதிசயப் பதினொன்றில் ஒன்று என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. முந்தின வாரம்தான் அவசரமாகச் செய்தார்கள், அதற்குள் ஒரு கதவு சாத்தவில்லை. பின்னால் மேடை. அதில் கம்பெனித் தலைவர் பென்ஃபீல்ட், மேலாளர் சாண்டிஃபர், பிராட்வெல், அவர்கள் நடுவில் இரவல் கோட்டில் டெல்மர். கையெழுத்து எங்கே என்று பிராட்வெல் காதில் கிசுகிசுத்தார். “எல்லாம் பையில இருக்கு சார்,” என்றான் டெல்மர்.

தலைவர் பேசிக்கொண்டே ஒவ்வொருவரையும் தாண்டிப் போனார். எந்தத் தொழிலாளிக்கும் ஐம்பது விநாடிக்குமேல் பேச்சு காதில் விழவில்லை. எழுபத்தைந்து வருடத்தில் கம்பெனி அவர்களுக்குச் செய்த பெரிய சலுகை அதுதான். கண்ணாடிப் பிரிவில் இருந்தவர்களுக்கு “இந்தக் கம்பெனியின் முதுகெலும்பு நீங்கள்தான்” என்பது கேட்டது. இருக்கைப் பிரிவுக்கு வரும்போது “முதுகெலும்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது” என்பது கேட்டது.

“நாம் கார் செய்வதில்லை!” என்று முழங்கினார் தலைவர். அதற்குள் யாரோ ஒலிபெருக்கியைப் போட்டுவிட, பேச்சு தொழிற்சாலை முழுவதும் போயிற்று. “நாம் நம்பிக்கையைச் செய்கிறோம். கார் அதனுடன் வரும் உதிரிப் பொருள். தரம் என்பது வாங்குகிறவனின் மனதில் இருக்கிறது. செய்கிறவனின் கை எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமல்ல!”

கதவுப் பிரிவில் நின்ற ஒஸெல்லா ப்ரூவர் திருகாணி முடுக்கும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினாள். “யோவ் டெல்மர்! அந்தப் பதினொரு காரைப் பண்ணினப்ப நான் உனக்கு அடுத்த இடத்துலதானே நின்னேன்? என் கண்ணுல ஒண்ணுகூடப் படலியே!”

லைன் ஓரமெல்லாம் சிரிப்பு பரவியது. தலைவர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு ஒலிவாங்கியை டெல்மர் வாயருகே நீட்டினார்.

“குறையே இல்லாத பதினொரு கார்! அதை எப்படிச் செய்தீர்கள் என்று உங்கள் தோழர்களுக்குச் சொல்லுங்கள் மிஸ்டர் கூம்ஸ்.”

டெல்மருக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மேடை நூற்றுப் பதின்மூன்றாம் இடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஸிகி நின்ற இடம் கண்ணில் பட்டதும் பயம் எங்கேயோ போய்விட்டது, கோபம் மட்டும்தான் மிஞ்சியது.

“சொன்னா புரியாது சார். செஞ்சுதான் காட்டணும்.”

“அப்படிச் சொல்லுங்கள்! செய்து காட்டுங்கள்! எல்லோரும் கேளுங்கள். இந்த நிமிஷத்திலிருந்து இந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொழிலாளியும் அந்தப் பதினொரு காரைச் செய்த மாதிரியேதான் செய்ய வேண்டும். இது தலைவரின் உத்தரவு!”

டெல்மர் மேடையிலிருந்து இறங்கினான். கோட்டைக் கழற்றி முழங்கையில் சுற்றினான். புது முத்திரை போட்ட கண்ணாடியை உடைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

லைன் நின்றது. தலைவர் ஒரு முறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார். அந்தக் கூரைக்குள் குருவிகள் இருப்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“என்னப்பா பாத்துட்டு நிக்கிறீங்க? தலைவர் உத்தரவு!” என்று சொல்லிவிட்டு ஒஸெல்லா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த இடத்துக்காரன் உட்கார்ந்தான். பெயின்ட் பிரிவுவரை அலை அலையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம் ஆனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒஸெல்லா கூவினாள். “முதல் கார் ரெடி! கதவு கழண்டு விழல!”

“ரெண்டாவது கார் ரெடி! மழை ஒழுகல!” என்று பெயின்ட் பிரிவிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

“மூணாவது ரெடி! துரு இல்ல! யாரு கையும் போகல!”

மேலாளர் சாண்டிஃபர் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. “என்னய்யா பண்ணிட்டே? எழுபத்தஞ்சு வருஷம்! எழுபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா நின்னுடுச்சு! அதுவும் என் காலத்துல!”

“முதல் தடவையா சார்?” என்றான் டெல்மர்.

சாண்டிஃபர் சிவப்புப் பொத்தானைத் திரும்பிப் பார்த்தார். அவர் மேலாளராக வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. 1976ல் அந்த நாற்காலியில் இருந்தவர் ஹட்டன். அந்த ஹட்டன் இப்போது போட்டிக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குள் மேடையிலிருந்து தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் இடிபோல இறங்கியது. ஒலிவாங்கியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. “சாண்டிஃபர்! லைனை முதல் முதலில் நிற்க விட்ட மேலாளர் என்று உம் பெயர் வரலாற்றில் ஏறப் போகிறது, தெரியுமா?”

“இல்லவே இல்லைங்க ஐயா!” சாண்டிஃபர் துள்ளித் திரும்பினார். “முதல் முதல்ல நின்னது ஹட்டன் காலத்துல! ரெண்டு வருஷம் முந்தி! பதினொரு நிமிஷம்! ஒரு ஆளுக்குக் கை மெஷின்ல மாட்டிச்சு. இங்க எல்லாருக்கும் தெரியும் ஐயா. இது வெறும் ரெண்டாவது தடவைதான்!”

“சாண்டிஃபர், வரலாறு!” என்று பிராட்வெல் கதறினார்.

“உம்ம வரலாறு அந்த ஹட்டனைப் போய்ப் பிடிக்கட்டும்யா! என் தலையில எதுக்குக் கட்டறீர்?”

தலைவர் கொஞ்சம் யோசித்தார். ஹட்டன் போட்டிக் கம்பெனிக்குப் போகும்போது நாற்பது பேரைக் கூடவே கூட்டிக்கொண்டு போனது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் மெல்ல மலர்ந்தது. “ஹட்டனா? அப்படியானால் அதை எழுத்தில் போடும்,” என்றார்.

“ஆறாவது கார் ரெடி!” என்றாள் ஒஸெல்லா. “ஹாரன் அடிச்சா ஹாரன் சத்தம் வருது!”

டெல்மர் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றித் தாளை நீட்டினான். சாண்டிஃபர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஏழு தடவை கூட்டத்தில் இருந்தவர், நின்றுபோன ஒரு மெரிடியன் காரின் முன்மூடியின்மேல் தாளை வைத்து, ‘அன்று லைன் நின்றதா?’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ‘ஆம்’ என்று பெரிதாக எழுதினார். அது போதாது என்று அடியில் இரண்டு கோடு போட்டார். தேதியை இரண்டு இடத்தில் எழுதினார். கையெழுத்தும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார்.

டெல்மர் தாளை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். ஸிகி திங்கட்கிழமை உள்ளே வரலாம். நூற்றுப் பதினான்காம் இடத்தில் அவன் நின்றதை இனி எவனும் இல்லையென்று சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைத் துடைத்துக்கொள்ள அவன் வெட்கப்படவில்லை.

“ஏழாவது கார் ரெடி!” என்று தொழிற்சாலையே சேர்ந்து கத்தியது.

“அதான் கையெழுத்துப் போட்டாச்சே! லைனைப் போடுய்யா, சீக்கிரம்!” என்று சாண்டிஃபர் பறந்தார்.

டெல்மர் தாளை மடித்துப் பையில் வைத்தான். ஸிகி நின்ற இடத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“இருங்க சார்,” என்றான். “இன்னும் நாலு கார் பாக்கி இருக்கு.”